சார் தண்ணீர் என்று சொன்ன பாட்டில்

நான் வாத்தியாரை அடித்தவள் என்று எங்கள் ஊர் கிள்ளானில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அடிக்கவில்லை. அவர் கையில் இருந்த பாட்டிலைத் தட்டிவிட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

அப்போது நான் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். வயதுக்கு வந்து, சடங்கெல்லாம் முடிந்து, அந்த வாரம்தான் பள்ளிக்குத் திரும்பியிருந்தேன். சடங்கு முடிந்தும் அத்தை என்னை விடவில்லை. தினமும் காலையில் மஞ்சளைக் குழைத்து முகம், கை, கால் என்று அப்பிவிடுவார். "ஸ்கூல்ல சிரிப்பாங்க அத்தை" என்றால், "சிரிச்சா பல்லு சுளுக்கிக்குமா? நில்லு லா" என்பார். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. கை ரத்தம் மாதிரி சிவந்தது. நான் அலறியதைப் பார்த்து அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சவர்க்காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் ஆகுமாம்.

வகுப்பில் பிரவின் என்று ஒருவன். நான் உள்ளே நுழைந்ததும், "டேய், நாசி குனிட் வருது லா!" என்று கத்தினான். மஞ்சள் சோறு. வகுப்பே சிரித்தது. எனக்கு அவனை அங்கேயே மிதிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த வாரம் தண்ணீர்த் தடை வேறு. குழாயைத் திறந்தால் இருமும், சொட்டு வராது. வீட்டிலிருந்து ஆளுக்கொரு மினரல் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அறிவியல் கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

அறிவியல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடம் மலாயில் நடத்துவார், எங்களைத் திட்ட மட்டும் தமிழுக்கு வருவார். கூடத்துச் சுவர் முழுக்கப் பாதுகாப்பு விதிகளை ஒட்டி வைத்திருந்தார். கண்ணுக்குப் போடும் கண்ணாடிகள் அலமாரிக்குள், பூட்டோடு. கல்வி இலாகாவிலிருந்து ஆள் வந்தால்தான் அவை வெளியே வரும். அன்று அமிலம், காரம் பாடம். "சார், கண்ணாடி?" என்று கேட்டேன். "நீங்க போட்டா கீறிடுவீங்க. கண்ண பத்திரமா பாத்துக்கங்க, போதும்" என்றார்.

பிரவின் கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. சோதனைக் குழாயில் அமிலத்தை வைத்துக்கொண்டு பக்கத்துப் பையனிடம் ஏதோ வித்தை காட்டினான். குலுக்கினான். தெறித்தது. அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

சார் ஓடிவந்து அவன் தலையை மேலே நிமிர்த்திப் பிடித்தார். "தண்ணி! பாட்டில் எடு!" என்று கத்தினார். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவள் நான். ஓரத்தில் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூடி சரியாக மூடியிருக்கவில்லை. கையில் வழிந்தது. வழவழவென்றிருந்தது. குனிந்து பார்த்தால் என் மஞ்சள் கை சிவந்துகொண்டிருந்தது. சவர்க்காரம் பட்ட அன்று சிவந்த அதே சிவப்பு.

"சார், இது தண்ணி இல்ல."

"குடுன்னா குடு!" என்று பிடுங்கினார்.

பாட்டில் பிரவினின் கண்ணுக்கு மேலே சாய்ந்தது. நான் தட்டிவிட்டேன். அது சாரின் சட்டையை நனைத்துக்கொண்டு போய் அலமாரியில் மோதி விழுந்தது. என் பையில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் பிரவின் கண்ணில் ஊற்றினேன். பிறகு அவனைக் கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். கேண்டீன் ஆன்டி நீல டிரம்மிலிருந்து செம்பு செம்பாக மோந்து ஊற்றினார். "கண்ணத் தொறடா! சாமி கும்புடற மாதிரி மூடிக்கிட்டு நிக்கிற!" என்று திட்டிக்கொண்டே ஊற்றினார்.

பிரவினுக்குக் கண் போகவில்லை. எனக்குத்தான் பெயர் போனது.

மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள். அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். லோரியை வெளியே நிறுத்திவிட்டு, வேலைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். கட்டொழுங்கு ஆசிரியர் மேசையில் அந்தப் பாட்டில் இருந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம். அதில் இருந்தது வெறும் தண்ணீர் என்றார் சார். காலைச் சபைகூடலில் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியிலிருந்து இடைநீக்கம் என்றார் கட்டொழுங்கு ஆசிரியர்.

எனக்கு என்ன நடந்தது என்று தெரியும். தண்ணீர் இல்லாததால் கண்ணாடிக் குவளைகள் கழுவாமல் கிடந்தன. சவர்க்காரம் மாதிரியே மஞ்சளைச் சிவக்க வைக்கும் காரக் கரைசலைச் சார் காலையில் கலக்கி, கையில் கிடைத்த மினரல் பாட்டிலில் ஊற்றி, ஒரு சீட்டுக்கூட ஒட்டாமல் எங்கள் பாட்டில்களோடு வைத்துவிட்டார். சீட்டு ஒட்டாமல் எதையும் வைக்கக் கூடாது என்பதுதான் சுவரில் இருந்த முதல் விதியே.

அத்தை அன்று காலையும் பூசிவிட்டிருந்தார். கையை மேசைமேல் நீட்டினேன். "தண்ணின்னு சொல்றீங்கல்ல சார், இதுல ஊத்துங்க."

சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஊத்துங்க சார். தண்ணிதானே?"

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "புள்ள சார் மேல கைய ஓங்கினது தப்பு. நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகித் தன் பையில் வைத்துக்கொண்டார். "வெறும் தண்ணிதானே சார், நான் கொண்டு போறேன்."

சார் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

லோரியில் ஏறியதும் கத்தினேன். "நீங்க ஏன்பா மன்னிப்பு கேட்டீங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"பெல்ட்ட போடு" என்றார். அவ்வளவுதான்.

சபைகூடலில் என்னை யாரும் கூப்பிடவில்லை. இடைநீக்கமும் இல்லை. கூடத்துச் சுவரில் மட்டும் புதிதாக ஒரு விதி ஏறியிருந்தது: கைகளில் எவ்விதச் சாயமும் பூசி வரக் கூடாது. கண்ணாடிகள் அதே பூட்டுக்குள்தான். அடுத்த அறிவியல் பாடத்துக்கு, அத்தையிடம் நானே கேட்டு, முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு போனேன். சார் பார்த்தார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த பிரவின், "நாசி குனிட்... தேங்க்ஸ் லா" என்று முணுமுணுத்தான். போனால் போகிறது என்று விட்டேன்.

அப்பா அந்தப் பாட்டிலில் 'விஷம், தொடாதே' என்று எழுதி ஒட்டி, வீட்டு அலமாரியின் உச்சியில் வைத்தார். அதற்குக் கிடைத்த முதல் சீட்டு அதுதான். ஐந்தாம் படிவம் வரை தூசி படிந்து அங்கேயே இருந்தது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டுக்கு வந்த அன்றுதான் அதைக் கீழே இறக்கினார். அதுவரை அந்தச் சார் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

நான் கையை நீட்டியதில்தான் சார் அடங்கிப்போனார் என்று அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவைக் கோழை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கையில் இருக்கும் மஞ்சள் இரண்டு குளியலில் போய்விடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது; பாட்டிலில் இருப்பது போகாது என்பதும்.