ஏழு முறை அலசவும்

ஆய்வுக்கூடத்தின் கழுவும் அறையில், குழாய்க்கு மேலே ஓர் அட்டை தொங்கியது: "ஏழு முறை அலசவும். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து." எழுதியவர் விஞ்ஞானி அல்ல, குடுவை கழுவுகிறவர். மூன்று மாடிக்கும் அவர் 'அக்கா'.

எழுபதுகளின் கடைசி. ஓர் உயிரின் மரபணுவை வெட்டி இன்னோர் உயிருக்குள் ஒட்டலாம் என்று உலகம் அப்போதுதான் நம்பத் தொடங்கியிருந்தது. பல ஊர்களில் பல கூடங்கள் இதில் இறங்கின. இந்தக் கூடமும் அவற்றில் ஒன்று; முந்தியதும் இல்லை, பேர் வாங்கியதும் இல்லை. இரண்டாம் மாடியில் டாக்டரம்மாவின் குழு, மனித இன்சுலின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றப் பாடுபட்டது.

ஆறு வருடமாக அங்கே வேலை பார்த்தும், மாடியில் என்ன நடக்கிறது என்று அக்கா கேட்டதில்லை. தம்பியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அரைநாள் விடுப்புக் கேட்டபோதுதான் பேச்சு வந்தது. தம்பிக்குப் பதினான்கு வயதிலிருந்து சர்க்கரை நோய். மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான் தினமும் ஊசி. அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குத்திய இடமெல்லாம் அரித்துத் தடித்து, தொடையில் குத்த இடமே மிச்சமில்லை.

"நாங்க செய்யப் பாக்கறது மனுஷ இன்சுலின்," என்றார் டாக்டரம்மா. "கிருமியை வேலைக்கு வச்சு செய்யறோம். வந்துச்சுன்னா உன் தம்பி மாதிரி ஆளுங்களுக்குத்தான்."

அன்றிலிருந்து அந்தக் குழுவின் குடுவைகளுக்கு ராஜ உபசாரம். மற்றவர்களுக்கு ஒரு கரண்டி சோப்புத்தூள் என்றால் இவர்களுக்கு மூன்று. அலசுவது மட்டும் வழக்கம்போல இரண்டு முறை. குடுவைகள் பளபளத்தன.

கிருமி வளர்க்கும் தட்டுகள் வெறிச்சோடின.

அவர்கள் செய்துவந்தது இதுதான்: பாக்டீரியாவை உப்புக் கரைசலில் குளிரவைத்து, வளையமாக இருக்கும் டிஎன்ஏவைச் சேர்த்து, சற்றுச் சூடு காட்டி, ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் தடவுவார்கள். அந்த மருந்தைத் தாங்கும் சக்தி வளையத்தில் இருந்தது; அதை உள்ளே வாங்கிய கிருமி மட்டும் பிழைத்துப் பெருகி, மறுநாள் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மூன்று வாரமாக ஒரு புள்ளிகூட இல்லை. எதையும் நம்பாததால் 'சந்தேகம்' என்று பேர் வாங்கியிருந்த ஆராய்ச்சியாளர் உப்பை மாற்றினார், ஐஸை மாற்றினார், வெப்பமானியைக்கூட மாற்றினார். மாத முடிவுக்குள் எதுவும் வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

"கீழ்மாடியிலயும் அதே உப்பு, அதே கிருமி. அவங்களுக்குத் தட்டு ரொம்பி வழியுது," என்று ஒரு மதியம் கழுவும் அறை வாசலில் நின்று புலம்பினார் சந்தேகம். "நமக்கு மட்டும் என்ன கேடுக்கா?"

அக்காவின் கை அப்படியே நின்றது. கீழ்மாடிக் குடுவைகளும் இதே தொட்டியில், இதே கையால்தான் கழுவப்படுகின்றன. சோப்பின் அளவுதான் வேறு.

அவர் நகர்ந்ததும், கழுவிக் காயவைத்த இரண்டாம் மாடிக் குடுவை ஒன்றில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் குலுக்கினார். விளிம்பைச் சுற்றி மெல்லிய நுரை. கீழ்மாடிக் குடுவையில் அது இல்லை.

சொன்னால் வேலை போகலாம். வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான். வாயைத் திறக்காமல் நாளையிலிருந்து ஒழுங்காக அலசிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சோப்பு ஒட்டிய குடுவைகளில் ஏற்கெனவே கரைசல்களை ஊற்றிக் குளிர் அறையில் அடுக்கிவிட்டார்கள். அவை தீர இரண்டு வாரம் ஆகும். மாத முடிவுக்கு ஆறே நாள்.

நுரை வந்த குடுவையை எடுத்துக்கொண்டு ஈரக் கையோடு மாடி ஏறினார்.

"டாக்டரம்மா, உங்க கிருமியைக் கொல்றது நான்தான். சோப்பு சரியாப் போகல."

"மூணு வாரம்!" என்று குதித்தார் சந்தேகம். "எனக்குப் பாதி முடி கொட்டிப்போச்சு!"

"அது முன்னாடியே கொட்டினது. சும்மா இருய்யா." டாக்டரம்மா அக்கா பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா அவ்வளவு சோப்பு?"

"தம்பிக்குன்னு சொன்னீங்களே…"

டாக்டரம்மா குடுவையை வாங்கிக் குலுக்கினார். விளிம்பில் நுரை கட்டியது. "ஐஸைக் கேட்டோம், உப்பைக் கேட்டோம். உன்னை வந்து ஒரு வார்த்தை கேக்கல. அது எங்க தப்பு. நீ சொல்லலைன்னா கடையைக் கட்டியிருப்போம். ரொம்ப நன்றிம்மா."

அன்றே கரைசல்கள் எல்லாம் சாக்கடைக்குப் போயின. எத்தனை அலசலில் நுரை மறைகிறது என்று அக்கா எண்ணினார்: ஆறு. கூட ஒன்று சேர்த்து அட்டையில் எழுதினார். மூன்றாம் நாள் காலை சந்தேகம் தட்டும் கையுமாக மூச்சிரைக்க வந்தார். "எண்ணுக்கா!" இருநூற்றுப் பத்துப் புள்ளிகள். அவர் நம்பவில்லை. அக்காவை இன்னொரு தடவை எண்ணச் சொன்னார்.

குழு கலையவில்லை. மனித இன்சுலின் வேறெங்கோ, வேறு கைகளில்தான் மருந்தாயிற்று. இவர்கள் இரண்டு சிறு கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒன்றின் அடியில், உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில், "எங்கள் குடுவைகளைக் கழுவி, உண்மையையும் சொன்னவருக்கு" என்று ஒரு வரி உண்டு. அக்கா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலமாரியின் உட்கதவில் ஒட்டியிருந்தார்.

சில வருடம் கழித்துப் புது மருந்து தம்பிக்கும் கிடைத்தது. இரண்டே மாதத்தில் அரிப்பு நின்றது. முதல் குப்பி தீர்ந்த அன்று அக்கா அதைச் சமையலறைக் குழாயடிக்குக் கொண்டுபோனார்.

"இத்தனை நாள் மாட்டுக்குக் கும்பிடு போட்டேன். இனிமே கிருமிக்கா?" என்றார் தம்பி.

"எனக்கும் ஒண்ணு போடுடா."

"அதுசரி, தூக்கிப் போடற குப்பியை எதுக்கு இந்த அலசு அலசறே?"

"நடுவுல பேசாதே," என்றார் அக்கா. "அஞ்சுல இருக்கேன்."