டீயெல் என்று சொன்னவன்

பழவேற்காட்டு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் தினகரனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் தினகரன் என்று அவனைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. டீக்கடையிலோ மீன் ஏலம் போகிற இடத்திலோ அவன் தலை தெரிந்தால் போதும், எவனாவது ஒருத்தன் வாயைக் கோணிக்கொண்டு, "இன்னா டீயெல், கேப்டன் சௌக்கியமா?" என்பான். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். தினகரன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

டீயெல் என்பது அவன் மனைவியின் தம்பியைச் சாகடித்தவனுடைய பெயர்.

முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் இறால் வரத்து அற்றுப்போன வருஷம் அது. ஸ்காட்லாந்தில் மீன்பிடி விசைப்படகுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னையிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தான். தினகரன் கிளம்பினான். மனைவி பச்சையம்மாவின் தம்பி ராஜவேலுவும் தொற்றிக்கொண்டான். மாமனும் மச்சானும் ஒன்றாகப் போனால் ஒருத்தருக்கு ஒருத்தர் துணை என்று மாமியார் கஸ்தூரியம்மாளே அனுப்பிவைத்தாள். "அவன் வாய்த்துடுக்குக்காரன். நீதான் பாத்துக்கணும் மாப்ள" என்று பஸ் ஏறும்போது தினகரனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அந்தப் படகில் ஏழு பேர். கேப்டன் முதல் நாளே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துத் தன் பெயரைச் சொன்னான். சாரும் வேண்டாம், கேப்டனும் வேண்டாம், தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்றான். கூட இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் சைகையும் உடைந்த ஆங்கிலமுமாக இதை இவர்களுக்கு விளக்கினான். இவ்வளவு நல்ல மனுஷனா என்றுதான் முதலில் தோன்றியது.

டீயெல். அவ்வளவுதான் பெயர். முதல் பாதியை லேசாக விட்டு, இரண்டாம் பாதியில் அழுத்த வேண்டும். கடைசியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி அங்கேயே நின்றுவிட வேண்டும். அங்கேதான் சிக்கல். பஸ்ஸை பஸ்ஸு என்றும் மெயிலை மெயிலு என்றும் சொல்லிப் பழகிய நாக்கு ராஜவேலுவுக்கு. "டீயெல்லு" என்றான். கேப்டன் சிரித்தான். மறுபடி சொல்லச் சொன்னான். "டீயெல்லு." சிரிப்பு நின்றது. அன்று மற்றவர்கள் சாப்பிட உள்ளே போனபோது, ராஜவேலு மட்டும் பனிக்காற்றில் வெளியே உட்கார்ந்து மீன் குடலை எடுத்துக்கொண்டிருந்தான்.

தினகரன் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். படுக்கும் அறையில் மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான்.

"கடைசில லு வேணாம் ராஜவேலு. நாக்க மேல ஒட்டிகினு அப்படியே நிறுத்திடு."

"நிறுத்தினா மூச்சு முட்டுது மாமா. இன்னா பேரு இது? பாதியில புடிச்சு அறுத்த மாதிரி."

"சொல்லிட்டுப் போயேன். உனக்கு இன்னா நஷ்டம்?"

"சொல்லத்தானே பாக்குறேன். வரமாட்டேங்குதே."

வரவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் கேப்டன் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் ராஜவேலுவைப் பெயர் சொல்லவைப்பது ஒரு விளையாட்டாகிப் போனது. தவறினால் தண்டனை. ஒருநாள் கையுறையைப் பிடுங்கிக்கொண்டான், இன்னொரு நாள் சாப்பாட்டை. ராஜவேலுவின் விரல் நுனிகள் கறுத்துப்போயின. வாயைத் திறந்தாலே அவனுக்குத் தாடை நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்குகிற வாயில் அந்தப் பெயர் இன்னும் கெட்டுப்போகும்.

ஜனவரியில் ஒரு காலை, கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்தில் வலை சிக்கிக்கொண்டது. எடுத்துவிட ஒருத்தன் போக வேண்டும். போகிறவன் இடுப்பில் பெல்ட் கட்டி, அதைப் படகோடு கயிற்றால் மாட்டிக்கொள்வது வழக்கம். ராஜவேலு பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்து அதன் வாரைப் பிடித்துக்கொண்டான். பெயரைச் சொல் என்றான்.

"டீயெல்லு."

கேப்டன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, போ என்று கையை நீட்டினான்.

தினகரன் கத்தியபடி முன்னால் வந்தான். பிலிப்பைன்ஸ்காரன் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ராஜவேலு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நடந்தான். வலையில் கைவைத்தான். பக்கவாட்டில் எழுந்த அலை தளத்தைக் கழுவிக்கொண்டு போனது. அலை வடிந்தபோது வலை இருந்தது, அவன் இல்லை.

கொஞ்ச நேரம் வட்டமடித்தார்கள். பிறகு கேப்டன் படகைக் கரைக்குத் திருப்பினான்.

குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று துறைமுகத்தில் சொல்லப்பட்டது. படகில் ஒரு சொட்டு சாராயம் கிடையாது. தினகரனை விசாரிக்கப் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவர் பேசியது இந்தி. தினகரனுக்கு இந்தி தெரியாது. அந்த வாரமே அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் சென்னையில் ஒரு அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனான். பச்சையம்மாவும் கூடப் போனாள்.

"கேப்டன் பேரு என்ன?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"டீயெல் சார்."

"இனிஷியல் சரிப்பா. பேரு?"

"அதான் சார் பேரே."

"டி.எல்.னா எதாவது விரிவு இருக்கும்ல? கூட வேலை செஞ்சவன்தானே நீ?"

எழுத்தில் அந்தப் பெயரை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. காதால் கேட்டான், வாயால் சொன்னான், அவ்வளவுதான். 'டி.எல்.' என்றே புகாரில் ஏறியது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு ஸ்காட்லாந்திலிருந்து பதில் வந்தது: அந்தப் படகை ஓட்டியவர்களில் டி.எல். என்று எவரும் இல்லை.

குப்பத்தில் பேச்சு மாறியது. கேப்டன் என்று ஒருத்தனே கிடையாதாமே என்றார்கள். ரெண்டு பேரும் குடித்துவிட்டு அடித்துக்கொண்டிருப்பார்கள், பழியை வெள்ளைக்காரன் மேல் போடுகிறான் என்றார்கள். கேலிப்பெயர் அப்போதுதான் ஒட்டியது. பச்சையம்மா ஒருநாள் சோறு போடும்போது நிமிராமலே கேட்டாள்: "அன்னிக்கி நெஜமாவே நீ எங்க இருந்த?"

அதன்பிறகுதான் அவன் பொன்னேரியில் வளர்மதி என்ற வக்கீலைப் பார்க்கப் போனான். அந்தப் பெண் அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு போனில் எதையெதையோ தேடி, ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று ஒருத்தர் சொல்லித்தருகிற வீடியோவைப் போட்டாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் ஒரு பெயர் வந்ததும் தினகரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"அதான் மேடம். அதான் அவன்."

வளர்மதி வீடியோவை நிறுத்தி, திரையிலிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். "டால்ஸியல்னு எழுதியிருக்கு அண்ணே. ஆனா டீயெல்னு சொல்றாங்க. நடுவுல இருக்குற எழுத்தையெல்லாம் முழுங்கிடுவாங்களாம்."

அன்று தினகரன் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டான். சரியான எழுத்தோடு புகார் மறுபடி போனது. இனி தப்ப முடியாது என்று பச்சையம்மாவிடம் சொன்னான். அவளும் நம்பினாள். கஸ்தூரியம்மாள் மகனின் போட்டோவைத் துடைத்துப் பூ வைத்தாள்.

இந்தத் தடவை பதில் சீக்கிரமே வந்தது. வளர்மதி அதை முதலில் தனக்குள் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். அந்தப் பெயரில் ஒரு கேப்டன் இருந்தது உண்மைதான். ஆனால் சாட்சி முதலில் ஒரு பெயரைச் சொன்னார், இப்போது வேறொரு பெயரைச் சொல்கிறார். மாதக்கணக்கில் கூட வேலை செய்த கேப்டனின் பெயரையே மாற்றிச் சொல்கிறவரின் பேச்சை நம்புவதற்கில்லை. விஷயம் இத்துடன் முடிகிறது.

"நான் மாத்தலியே மேடம்" என்றான் தினகரன். "ரெண்டு வாட்டியும் ஒரே பேரத்தானே சொன்னேன்."

"தெரியும் அண்ணே" என்றாள் வளர்மதி. கடிதத்தை மடித்து அவனிடம் கொடுத்தாள்.

வீட்டில் கஸ்தூரியம்மாள் காத்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"அந்தப் பேர ஒரு தபா சொல்லு, கேக்குறேன்" என்றாள்.

"டீயெல்."

"எம்புள்ள எப்டிச் சொன்னான்?"

அவன் தயங்கினான். "டீயெல்லு, அத்தை."

"நானும் அப்டித்தான் சொல்லுவேன். டீயெல்லு. இந்தக் குப்பத்துல பொறந்தவன் எவனுக்கும் அப்டித்தான் வரும். உனக்கு மட்டும் அவன மாதிரியே வந்துச்சு. அதான் நீ மட்டும் உசுரோட வந்துட்ட."

பச்சையம்மா அடுப்படியில்தான் நின்றிருந்தாள். அம்மா சொன்னதை அவள் மறுக்கவில்லை.

உடல் இல்லாமலே காரியம் செய்தார்கள். வைக்கோலில் ஆள் கட்டி, ராஜவேலுவின் சட்டையைப் போட்டுக் கரையில் கொளுத்தினார்கள். அதைக் கரைக்குத் தூக்கிப்போகத் தினகரன் தோள்கொடுக்க வந்தபோதே கஸ்தூரியம்மாள் எல்லோர் முன்னிலும் அவன் கையைத் தட்டிவிட்டாள். புகை அடங்கும்வரை அவன் படகுகளுக்கு அப்பால் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான்.

இப்போது அவன் தனியாக ஏரியில் நண்டு வலை போடுகிறான். எது கிடைத்தாலும் நல்லதாகப் பொறுக்கி மாமியார் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருகிறான். கஸ்தூரியம்மாள் அதை வீட்டுக்குள் எடுக்கமாட்டாள். அவன் தெரு திரும்புவதற்குள் நாயைக் கூப்பிட்டு, அவன் பார்க்கும்படியாகவே அதன் முன்னால் கொட்டுவாள். மறுநாள் காலையில் அவன் மறுபடியும் கொண்டுபோய் வைப்பான்.