லூஸ் பண்ணுங்க பாய்

கியர் விழாமல் அடம்பிடித்த அந்த நாட்களில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். பேரணாம்பட்டில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு யூனிட்டை என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஷிப்ட் தொடங்கும் முன் நான் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் கிடையாது. வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது, என்னிடம் லைசென்ஸ்தான் இல்லை. டெஸ்டில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். வரும் திங்கட்கிழமையும் விட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அவள் யார் என்றும் எனக்குத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டு முறையும் ஒரே கதைதான். நிறுத்திவிட்டு மறுபடி முதல் கியர் போடும்போது கறகறவென்று சத்தம். ரிவர்ஸ் அதைவிட மோசம். என் வீட்டுக்காரர் வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீடு வரும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

"வண்டில ஒன்னுமில்ல. உன் கால் குட்டை. நான் போட்டா விழுதில்ல?"

விழத்தான் செய்தது. அவர் ஆறடி. க்ளட்ச்சைத் தரையோடு தரையாக மிதித்துவிடுவார். சீட்டை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் எனக்கு அந்தக் கடைசி கொஞ்சம் எட்டாது. அதற்காக ஷூ கம்பெனிக்காரியைப் பார்த்துக் கால் குட்டை என்று சொல்லலாமா? அன்று அவர் தட்டில் விழுந்த ரசத்தில் உப்பு கூடுதல். வேண்டுமென்றேதான் போட்டேன்.

சனிக்கிழமை மதியம், பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாயை வீட்டுக்கே வரச் சொன்னேன்.

"இன்னாமா ப்ராப்ளம்?"

"கியர் ரொம்ப டைட்டா இருக்கு பாய். க்ளட்ச்ச லூஸ் பண்ணுங்க."

எங்கள் தொழிலில் கால் நுழையவில்லை என்றால் ஷூ டைட். டைட் என்றால் லூஸ் பண்ண வேண்டும். இத்தனை வருஷம் அதைத்தான் சொல்லி வேலை வாங்கியிருக்கிறேன், காருக்கும் அதையே சொன்னேன்.

"லூஸா? நெஜமாவா சொல்றீங்க?"

"ஆமா பாய். நல்லாவே லூஸ் பண்ணுங்க."

கம்பெனியில் தையல் லைனில் வேலை வாங்குகிற குரலில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு பானெட்டைத் திறந்தார். க்ளட்ச் கேபிளின் முனையில் இருந்த நட்டை ஸ்பேனரால் தளர்த்தினார். டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் வண்டியை ஸ்டார்ட் செய்தால், முன்பு சத்தம் போட்டாவது விழுந்த கியர் இப்போது உள்ளேயே போகவில்லை. வீட்டுக்காரர் மிதித்தும் போகவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். எனக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே பாய்க்குப் போன் மேல் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். அவருக்கும் கோபம்தான்.

"நீங்கதான லூஸ் பண்ண சொன்னீங்க?"

"கியர் லூஸா விழணும்னுதான் சொன்னேன்."

"கியர் லூஸா விழணும்னா கேபிள் டைட்டா இருக்கணும்மா. லூஸா இருந்தா நீங்க மிதிக்கறதுல பாதி சும்மா போய்டுது. இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரியவே பிரியாது. அப்புறம் எப்பிடி விழும்?"

நட்டை இறுக்கினார். பெடலை விரலால் அமுக்கிப் பார்த்தார். மறுபடி கொஞ்சம் இறுக்கினார்.

"பெடல் மேல கொஞ்சம் சும்மா ஆடற மாதிரி ப்ளே விட்டிருக்கேன். அது சுத்தமா இல்லன்னா க்ளட்ச் பிளேட் தேஞ்சி பேஜாராய்டும்."

உட்கார்ந்து மிதித்தேன். என் கால் எட்டுகிற தூரத்திலேயே முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ரிவர்ஸும் விழுந்தது. பாய் முன்னாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை டெஸ்டுக்கு வீட்டுக்காரர்தான் வண்டியை எடுத்தார். பதட்டத்தில் நான் எங்கேயாவது இடித்துவிடுவேனாம். பிரியாணி கடைகள் வரிசையாக இருக்கும் சர்வீஸ் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்காக நிறுத்தி மறுபடி எடுத்தார். வழக்கம்போல க்ளட்ச்சிலிருந்து காலைக் கொஞ்சம் தூக்கிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். பாய் இறுக்கியதில் க்ளட்ச் இப்போது நன்றாக மேலே வந்துதான் பிடிக்கும். இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. எரிச்சலில் காலை மொத்தமாக எடுத்தார். வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது. இரண்டாம் முறையும் அதே கூத்து. பின்னால் ஒரே ஹாரன். பார்சலுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க வண்டிய? பாய்கிட்ட போய் பழையபடி வெச்சிடலாம். டெஸ்ட்ட அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"பழையபடி வெச்சா உங்களுக்கு ஓடும். எனக்கு?"

நான் இறங்கி அவர் பக்கம் போய்க் கதவைத் திறந்து நின்றேன். ஹாரன் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் இறங்கினார். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு வண்டியை எடுத்தேன்.

டெஸ்டில் பாஸ். நான் வண்டியோடு வெளியே வந்ததும் அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். கதவில் கை வைக்கவில்லை.

"நான் ஓட்டட்டுமா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் காரை எடுப்பதற்கு முன் அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம்" என்றேன்.