தவிட்டுக்கு விற்ற பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பினாங்கில் வேலையில்லாத ஜனங்கள் கப்பலேறி ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலத்திலும் என் இரண்டு லாரிகள் நிற்காமல் ஓடின. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். டத்தோ கிராமாட் ரோட்டில் சொந்த வீடு கட்டினேன் என்றால் அது யார் போட்ட பிச்சையும் இல்லை.

அந்த வீட்டு முன்னறைக்கு ஒரு வாலிபர் குடிவந்தார். சீமையில் பி.ஏ.வுக்கும் மேலே பெரிய படிப்பு. பணக்காரத் தெருவில் எத்தனை குழந்தைகள் பிறந்து எத்தனை தங்குகின்றன, கூலி லயத்தில் எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் படிப்பாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் லயத்து ஜனங்கள் கால்சட்டைக்காரரைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். என்னோடு வாருங்கள், எனக்குத் திறக்காத கதவு ஜெலுத்தோங் லயங்களில் கிடையாது என்று கூட்டிப்போனேன். உண்மையும் அதுதான்.

ரோட்டு வேலைக்காரர் ஒருவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பெற்றது மூன்று, மூன்றும் ஒரு வயது தாண்டவில்லை என்று தயங்காமல் சொன்னாள். மடியில் இருப்பது யார் என்றதற்கு, "இது பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைங்க" என்றாள். குழந்தைக்கு அச்சாக அவள் முகம்.

வாலிபர் திகைத்துப்போனார். தள்ளிக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததைப் பக்கத்து வீட்டுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வளர்ப்பது பெற்றவள்தான். வாயால் மட்டும் தன் பிள்ளை என்று சொல்லக்கூடாது. சொன்னால் எமனுக்குக் கேட்டுவிடும்.

கணக்கு தப்பாகிவிடுமே என்று அவர் திரும்பப் போய்க் கேட்டார். பக்குவமாகத்தான் கேட்டார். வாயால் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும் என்றார்.

அவள் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள். "போன மூணையும் எழுதிக்கங்கய்யா. இத மட்டும் உட்டுடுங்க."

பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

சீமைப் படிப்பு ஒரு முறம் தவிட்டிடம் தோற்றுவிட்டதே என்று வழியெல்லாம் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "தவிடே ஜெயிக்கட்டும்லா, அண்ணே" என்றார்.

அவர் கப்பலேறிய பிறகு வந்த மழையில் லயத்துக் கிணறு கலங்கி, வயிற்றுப்போக்கு பரவியது. ஒரு நாள் காலை காய்கறிப் பாசாரில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை இல்லை. அவளாகவே கிட்டே வந்தாள்.

"அந்தப் படிச்ச ஐயாவுக்குச் சொல்லிடுங்கண்ணே. அது நான் பெத்ததுதான்."



எனக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் ஆளாகி நிற்கின்றன என்று கல்யாண வீடுகளில் உரக்கச் சொல்கிறவன் நான். இன்றும் சொல்கிறேன், அதில் குறைச்சலில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை என் பிள்ளை என்று பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்வதற்கே குழாய்த் தண்ணீரும் கெட்டியான கூரையும் வேண்டியிருக்கிறது என்ற நினைப்பு, சொல்லி முடிக்கும்போதெல்லாம் என் குரலைத் தாழ்த்திவிடுகிறது.