கறுப்பு மணலில் தேடிய தாலி

பொகவந்தலாவைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் துணி அலசும்போது என் மனைவியின் தாலிக் கயிறு அறுந்து, தங்கப் பொட்டு தண்ணீரோடு போய்விட்டது. தொண்ணூறுகளின் கடைசி அது. தாலி தொலைந்தால் புருஷனுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஆகவே சாகப் போவது நான்.

அன்றே அவள் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டாள். எனக்கு அது போதவில்லை. நிழல் மரத்தில் ஏறிக் கிளை வெட்ட மறுத்தேன். அட்டன் பஸ்ஸில் ஏற மறுத்தேன். பாதையின் வளைவுகளெல்லாம் எனக்காகவே போட்டவை மாதிரி இருந்தன. மணிக்கொரு தடவை நாடி பிடித்துப் பார்த்தேன்.

"ஏங்க, நல்லாத்தானே இருக்கீங்க?"

"இன்னைக்கி இருக்கேன்டி. நாளைக்கி?"

ஓடையின் கீழ் மடக்கில் ஒரு சிங்கள மனிதர் மாணிக்கக்கல் அரித்துக்கொண்டிருப்பார். நான் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டவர், கூடையில் மண்ணை அள்ளித் தண்ணீரில் சுழற்றிக் காட்டினார். லேசான மண் வழிந்தோடியது. அடியில் கறுப்பு மணல் மட்டும் மினுங்கியது.

"இது பாரம். தங்கமும் பாரம். இது நிக்கிற எடத்திலதான் அதுவும் நிக்கும்," என்றார், தெரிந்த தமிழில். "பெரிய கல்லுக்குப் பின்னால பாருங்க."

நான்கு நாள், வேலை விட்டதும் ஓடையில் நின்றோம். நின்றோம் என்பது பொய். சளி பிடித்துச் செத்துவிடுவேனோ என்று நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று, சோற்றுத் தட்டில் மணல் அரித்தவள் அவள்தான்.

"நீங்க எறங்காதீங்க. ஒங்களுக்குத்தானே கண்டம். ஒங்க உசுர நான் தேடி எடுக்குறேன், நீங்க அந்தக் கம்பளிய நல்லா போத்திக்கங்க."

தட்டில் மிஞ்சிய கறுப்பு மணலை, பழுதான ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தால் நான் துழாவினேன். பாதி மணல் முள்முள்ளாகச் சிலிர்த்துக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், தங்கம் ஒட்டாது. தாலிப் பொட்டு ஒன்றும் தூசியில்லை, கிடந்தால் கண்ணுக்கே தெரியும். ஆனாலும் எனக்கும் ஒரு வேலை வேண்டுமே.

நாலாம் நாள், பெரிய கல்லுக்குப் பின்னாலிருந்து அவள் அள்ளிய தட்டில், கறுப்பு மணலின் நடுவே மஞ்சளாகக் கிடந்தது. குதித்த குதியில் நான் கரையில் வழுக்கி விழுந்தேன்.

"கெடச்ச பெறகு செத்துப் போயிறாதீங்க," என்று சிரித்தவள், சிரிப்பை முடிக்க முடியாமல் இருமினாள்.

மறுநாள் அவளால் கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை. உடம்பு கொதித்தது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எத்தனை நாளா இருமல்?" என்று டாக்டர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் நாடியைக் கேட்டிருந்தால் நாலு நாள் விவரமும் ஒப்பித்திருப்பேன்.

ஒரு கிழமைக்குள் போய்விட்டாள். தாலியோடு போகக் கொடுத்து வைத்தவள் என்று பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் விழுந்துவிடுவேனோ என்று இரண்டு பேர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். விழவில்லை. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.