வரப்பில் குவித்த வெண்டைச் செடிகள்

வெள்ளை ஈயின் செல்லுக்குள் ஒரு வைரஸ் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் என் ஆய்வு. செல் தனக்கு வேண்டாததை ஒரு பைக்குள் அடைத்துத் தானே செரித்துவிடும். சில வைரஸ்கள் அந்தச் செரிமானத்தையே தமக்குத் தோதாகத் திருப்பிக்கொள்கின்றன. பை கட்டப்படுகிறது, உள்ளே இருப்பது அழிவதில்லை. பூச்சியும் சாவதில்லை. அடுத்த செடிக்குப் பறக்கிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "ஈ வயித்துல இன்னா நடக்குதுன்னு பாக்கவா இத்தினி வருஷம் படிச்ச?" என்று சிரித்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

இந்த வருஷம் அம்மா குத்தகை நிலத்தில் வெண்டை போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது சில செடிகளில் இலை நரம்புகள் மஞ்சளாகியிருந்தன. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். நோய் கண்டதைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லி நானே பிடுங்கினேன். பக்கத்து நிலத்துப் பெரியம்மாவிடம் ஆடுகள் உண்டு. பிடுங்கிய செடியை ஆட்டுத் தீனிக்காக அவர் நிலத்து வரப்பில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியே குவித்துவிட்டு, நான் படிக்கும் வேலூருக்கு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தால், பெரியம்மாவின் வெண்டை வரப்போரம் முழுக்க மஞ்சள்.

"கண்ணு பட்டுச்சிடா. காய் ஜாஸ்தியா கீதுன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போனா," என்றார் பெரியம்மா.

வாடிய செடியில் ஈ தங்காது. பக்கத்திலிருந்த பச்சைக்குப் போயிருக்கும். நான் செடியைத்தான் பிடுங்கினேன். வைரஸ் ஈக்குள் உயிரோடு இருந்தது. தானாகவும் பரவியிருக்கலாம்தான். ஆனால் மஞ்சள் தொடங்கியது குவியல் கிடந்த இடத்திலிருந்து.

"சொல்லாதடா," என்றார் அம்மா வீட்டில். "நம்மகூடப் பேசமாட்டாங்க. கண்ணுன்னே இருந்துட்டுப் போவட்டும்."

காலையில் போய்ச் சொன்னேன். "பெரியம்மா, கண்ணு இல்ல. நான் போட்ட செடியிலேர்ந்து வந்த ஈ."

"நீ ஈயத்தானடா படிக்கிற?"

"ஆமா."

 பெரியம்மா ஒரு காயை ஒடித்துப் பார்த்தார். முற்றாமலே வெளுத்திருந்தது.

"அப்ப இதெல்லாம் பிடுங்கணுமா?"

"மொதல்ல ஈக்கு மருந்து அடிக்கணும். அப்புறம்தான் செடி. பிடுங்குனதும் கோணியில போட்டுக் கட்டிடணும்."

"எனக்கு அதெல்லாம் பேஜாரு. லீவு போட்டுட்டு நீயே வந்து செய்," என்றார்.

நான்கு நாள் லீவு போட்டேன்.