கேட்டில் சொல்ல வேண்டியது

அந்தத் தீப்பெட்டி என்னுடையது. பேச்சியம்மாளுடையது அல்ல!

அப்போது நான் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டி போவது எத்தகைய குற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டில் எல்லோரையும் சோதித்துத்தான் உள்ளே விடுவோம். போர்மேனைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

கேட்டுக்கு வெளியே ஒரு பிள்ளையார். வாட்ச்மேன் சூடம் கொளுத்திய பிறகே வேலை தொடங்கும். அன்று அவர் லீவு. நானே கொளுத்தினேன். கொளுத்திய கையோடு தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பழக்கதோஷம்... வெடிமருந்து ரூமில் குனிந்தபோது நழுவி விழுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. மறு நிமிடமே மேனேஜர் உள்ளே வந்தார்.

அங்கே மருந்து அடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. நான் என் பையைத் தொட்டுப் பார்த்தேன். காலி. அவள் புருஷன் பீடி குடிப்பவன் என்பது ஊருக்கே தெரியும். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார்.

“இவ மடியில இருந்துதான் விழுந்திருக்கும் சார்” என்றேன்.

எப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? வேலையாவது மண்ணாவது... தினமும் கும்பிடு போடும் அத்தனை பேர் முன்னால் தலை குனிய வேண்டுமே என்ற பயம்தான்.

தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்துக் கேட்டில் நிறுத்தச் சொன்னார் மேனேஜர். நிறுத்தியவன் நான். சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிலர் அவளைப் பார்த்துத் துப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வெடித்திருந்தால் செத்திருப்பது அவர்கள்தானே! அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு அவள் பெயர் தீப்பெட்டிக்காரி. எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. மூத்த மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம், ‘தீப்பெட்டிக்காரி வீடா?’ என்ற கேள்வியோடு நின்றுபோனது.

பிறகு நான் அந்த வேலையை விட்டேன். மனசாட்சி உறுத்தியதால் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் படித்தவனுக்குச் சிவகாசி அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு காலண்டர் சீசனுக்கு முன்பு ஒரு நூல் அச்சுக்கு வந்தது. எபிரேய வேதத்தில், அதாவது பைபிளின் பழைய ஏற்பாட்டில், அவமானம் என்பது என்ன என்று ஒரு போதகர் எழுதியது. நான் விபூதி பூசுகிறவன், அந்த வேதத்தைத் தொட்டதில்லை. வேலைக்காகப் படித்தேன்.

அந்த மக்களுக்கு ஊர் வாசல்தான் சபையாம். மானம் ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். செத்துப்போன சகோதரனின் மனைவியை மணந்து அவன் வம்சத்தை நிலைநிறுத்த மறுப்பவனை அந்த வாசலில் நிறுத்தி, அவளே அவன் செருப்பைக் கழற்றி, முகத்தில் துப்புவாளாம். அப்புறம் அவன் குடும்பத்துக்கே செருப்புக் கழற்றப்பட்டவன் வீடு என்று பெயராகிவிடும்.

தீப்பெட்டிக்காரி வீடு...

இன்னோர் இடம். ஓர் அரசனின் தூதர்களுக்கு அயல்நாட்டில் பாதித் தாடியைச் சிரைத்து, உடையை இடுப்போடு அறுத்து அனுப்புகிறார்கள். தாடி வளரும்வரை வழியிலேயே ஓர் ஊரில் தங்கிவிட்டு வாருங்கள் என்று அரசன் ஆள் அனுப்புகிறான். அவர்களை ஊர் பார்க்க அவன் நடக்கவிடவில்லை! நானோ ஊர் பார்க்கும் இடமாகப் பார்த்து அவளை நிறுத்தினேன். புரூப் தாளின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை.

“தெரியும் அண்ணாச்சி. ஒங்க பையில இருந்து விழுந்தத நான் பாத்தேன்.”

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது!

“போர்மேன் சொல்லுக்கு முன்னால எஞ்சொல்லு நிக்குமா? நீங்களே சொல்லிருவீகன்னுதான் கேட்டுல நின்னேன். கடைசி வேன் போற மட்டும் பாத்தேன்.”

காலில் விழப் போனேன். விலகிக்கொண்டாள்.

“இங்கன எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. அந்தக் கேட்டுல சொல்லுங்க. எளையவளப் பொண்ணு பாக்க வெள்ளிக்கிழம வாராக. மாப்பிள்ளையோட அக்கா அங்கனதான் வேல பாக்கா.”

மறுநாள் காலையே போனேன். வேன்கள் வந்தன. பழைய முகங்கள் இறங்கின. “சார், நல்லா இருக்கீகளா? எம்புட்டு நாளாச்சு ஒங்களப் பாத்து!” என்று ஒருத்தி கேட்டாள். சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். வாயைத் திறந்தேன்...

“நல்லா இருக்கேம்மா” என்றேன்.

பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தினார்கள். நானும் சேர்ந்து கும்பிட்டேன். எல்லோரும் உள்ளே போனார்கள்.

உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிகிறது. கேட்டில் இன்னும் சொல்லவில்லை.

இன்று வியாழக்கிழமை.